குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது என்றால் என்ன?

நகரத்தில் ஒரு கொடிய குற்றம் நடந்தால் சில நாட்களுக்கு எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறோம். குற்றவாளிக்கு என்ன தண்டனை தர வேண்டும், காவல் துறை ஏன் முன்பே விழித்துக்கொள்ளவில்லை, கண்காணிப்புக் கேமரா வேலை செய்ததா என்று பேச்சு நீள்கிறது. அடிபட்டவருடன் அன்று இரவு யார் இருந்தார்கள், மருத்துவச் செலவை யார் கட்டினார்கள், பல மாதங்கள் கழித்துச் சம்மன் வந்தபோது நீதிமன்றத்துக்கு அவருடன் யார் போனார்கள் என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் வருவது அபூர்வம்.

“பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும்” என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்பதையே சொல்கிறோம். தண்டனை பல ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதுவரை பாதிக்கப்பட்டவர் வேலைக்குப் போக வேண்டும், தூங்க வேண்டும், பயமில்லாமல் தெருவில் நடக்க வேண்டும். அந்த நீண்ட இடைக்காலத்தில் அவருக்கு என்ன தேவைப்படுகிறது, சட்டம் என்ன தருகிறது, கூட நிற்பவர் என்ன செய்யலாம் என்பதைச் சட்டம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். சொல்லப்போவது இந்தியச் சட்டத்தின் இன்றைய நிலை.

தீ அணைந்த பிறகு

ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. தீயணைப்பு வண்டி வருகிறது, தீயை அணைக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் தடுப்பதும் அதன் கடமை. வேலை முடிந்ததும் வண்டி அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டை இழந்த குடும்பம் அன்று இரவு எங்கே படுக்கும், எரிந்துபோன சான்றிதழ்களை எப்படித் திரும்ப வாங்கும் என்பதெல்லாம் தீயணைப்புத் துறையின் பொறுப்பு இல்லை. இதற்காக யாரும் அந்த வீரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்வதில்லை. அவர்கள் ஊரைக் காப்பாற்ற வந்தவர்கள்.

காவல் துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பும் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குற்றம் என்ற தீ சமூகத்தில் பரவாமல் தடுப்பது அதன் முதன்மைப் பணி. எரிந்த வீட்டின் குடும்பத்தைக் கவனிக்கும் ஏற்பாடுகள் பிற்காலத்தில், ஒவ்வொன்றாக, வெவ்வேறு சட்டங்களின் வழியாகச் சேர்க்கப்பட்டவை. அவை இருக்கின்றன. ஆனால் சிதறிக் கிடக்கின்றன. காயப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர் அவற்றைத் தேடிப்பிடித்து, விண்ணப்பம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைவது நடக்காத காரியம். அந்த இடத்தில்தான் துணை நிற்பவர் தேவைப்படுகிறார்.

துணை நிற்பவர் என்று இந்தக் கட்டுரையில் நான் குறிப்பிடுவது, பாதிக்கப்பட்டவரின் விருப்பப்படி அவருடன் இருந்து, தகவலையும் தெரிவுகளையும் அவர் கையில் சேர்த்து, தேவையான இடத்தில் அவருக்காகப் பேசுபவரை. அவர் நண்பராக இருக்கலாம், சமூகப் பணியாளராக இருக்கலாம், இலவசச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக இருக்கலாம். வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வழக்கு யாருடையது?

பெரும்பாலான குழப்பங்கள் தொடங்கும் இடம் இது. “நான் அவன்மேல் கேஸ் போட்டிருக்கிறேன்” என்று சொல்கிறோம். காவல் நிலையத்தில் பதிவாகும் குற்ற வழக்கில் சட்டப்படி வழக்கை நடத்துவது அரசு. ஒருவரைத் தாக்கினால் அது அவருக்கு மட்டும் செய்த தீங்கு ஆகாது, பொது அமைதிக்கு எதிரான செயலும் ஆகும் என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. அதனால்தான் வழக்கின் தலைப்பில் ஒரு பக்கம் அரசும் மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவரும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் தலைப்பில் இருக்காது. சாட்சிகள் பட்டியலில், பெரும்பாலும் அரசுத் தரப்பு முதல் சாட்சியாக, ‘அ.சா.1’ என்ற எண்ணுடன் இருக்கும்.

அரசு வழக்கறிஞரும் பாதிக்கப்பட்டவரின் சொந்த வழக்கறிஞர் இல்லை. அவர் அரசின் சார்பில் வாதிடுகிறார். பல நேரங்களில் இருவரின் நோக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் ஒரு நாளில் பல வழக்குகளைப் பார்க்கும் அவர், ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் பாதிக்கப்பட்டவரை அழைத்து விளக்கம் சொல்வார் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அநேகம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பிறக்கிறது. “கேஸை வாபஸ் வாங்கிவிடு” என்று உறவினர்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் பாதிக்கப்பட்டவரை நெருக்குவது நாம் அறிந்ததுதான். சிறு குற்றங்கள் சிலவற்றில் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களில் அப்படி இடமில்லை. அங்கே வழக்கு அவருடைய சொத்தாக இல்லாததால் அவர் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. அப்படியானால் அந்த நெருக்குதல் உண்மையில் எதைக் கேட்கிறது? நீதிமன்றத்தில் ஏறி, முன்பு சொன்னதை மாற்றிச் சொல் என்று கேட்கிறது. முன்பு கொடுத்த வாக்குமூலத்துக்கு மாறாகச் சாட்சி சொல்பவரைப் பிறழ் சாட்சி என்கிறார்கள். பொய்ச் சாட்சி சொன்னதாக அவர்மீதே நடவடிக்கை வரக்கூடிய ஆபத்தும் அதில் இருக்கிறது. இதை அமைதியாக, தெளிவாக அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வது துணை நிற்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். “என் கையில் எதுவும் இல்லை, வழக்கு அரசுடையது” என்று சொல்லத் தெரிந்துகொண்டாலே நெருக்குதலின் பாதி பாரம் இறங்கிவிடும்.

அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற நினைத்தால் அதற்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அந்த ஒப்புதலைத் தருவதற்கு முன் பாதிக்கப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் இதை இனி புதிய நடைமுறைச் சட்டம் என்று குறிப்பிடுகிறேன்.

‘பாதிக்கப்பட்டவர்’ சட்டத்துக்குள் வந்த கதை

குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளைப் பற்றி விரிவாகப் பேசிய நம் நடைமுறைச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறையே நீண்ட காலம் இல்லை. 1985 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை வெளியிட்டது. கண்ணியமாக நடத்துதல், தகவல் தருதல், இழப்பீடு, உதவி ஆகியவை அதன் மையம். இந்தியாவில் 2008-ல் நிறைவேறி 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் முதன்முறையாக வரையறையைக் கொண்டுவந்தது. குற்றச் செயலால் இழப்போ காயமோ அடைந்தவர் பாதிக்கப்பட்டவர். அவருடைய பாதுகாவலரும் சட்டப்படியான வாரிசும் அதில் அடங்குவர். கொலையானவரின் மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் வழக்கில் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை என்பதை இந்த வரையறை உறுதிசெய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: வழக்கை நடத்துவது அரசு, பாதிக்கப்பட்டவர் அதில் சாட்சி. அரசு வழக்கறிஞர் அவருடைய சொந்த வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் சட்டம் அவருக்கென ஓர் இடத்தைத் தரத் தொடங்கியிருக்கிறது.

இரண்டாம் காயம்

குற்றம் தந்த காயம் ஒன்று. அதன் பிறகு சுற்றியிருப்பவர்களும் நிறுவனங்களும் நடத்தும் விதத்தால் உண்டாகும் காயம் இன்னொன்று. இதை இரண்டாம் பாதிப்பு என்று குற்றவியல் அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். “அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?”, “ஏன் கத்தவில்லை?”, “உடனே ஏன் சொல்லவில்லை?” என்ற மூன்று கேள்விகளும் அதன் வழக்கமான வடிவங்கள். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்டிருப்பார். கேட்கப்படுபவரின் காதில் “இது உன் தவறு” என்றுதான் விழும்.

கடும் அச்சத்தின்போது உடல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளை நாமே விட்டுவிடுவோம். ஆபத்தில் மனிதர்கள் எதிர்த்துப் போராடுவார்கள் அல்லது தப்பி ஓடுவார்கள் என்று மட்டுமே நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. உடல் விறைத்து, குரல் எழாமல், அசைய முடியாமல் நின்றுவிடுவது. அது சம்மதத்தின் அடையாளமோ கோழைத்தனமோ கிடையாது. நரம்பு மண்டலம் தானாகச் செய்யும் எதிர்வினை அது. நினைவும் அப்படியே. அந்தச் சில நிமிடங்களில் தாக்கியவரின் கைக்கடிகாரம் துல்லியமாகப் பதிந்திருக்கும், எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பது பதிந்திருக்காது. சில நாட்கள் கழித்து விட்டுப்போன துண்டுகள் நினைவுக்கு வரும். முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் சிறு வேறுபாடு இருந்தால் உடனே பொய் என்று முடிவுகட்டுவது அறியாமை.

இந்தக் கட்டத்தில் துணை நிற்பவர் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. அவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாரா, உடனடி மருத்துவ உதவி தேவையா என்று பார்ப்பது முதல் செயல். அவர் சொல்ல விரும்புவதை மட்டும், சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும் கேட்பது இரண்டாவது. தேவையான சேவையோடும் நெருங்கிய மனிதர்களோடும் இணைப்பது மூன்றாவது. நடந்ததை முழுவதும் சொல்லவைத்தால் மனம் லேசாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த வழிகாட்டி அப்படி வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே சம்பவத்தை அண்டைவீட்டாரிடம், உறவினரிடம், செய்தியாளரிடம் என்று பலமுறை சொல்லவைத்தால் ஒவ்வொரு முறையும் வேதனை புதிதாகக் கிளறப்படும். சொற்களும் சற்றே மாறும். அந்த மாற்றங்கள் பின்னால் குறுக்கு விசாரணையில் அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படலாம். விவரங்களைக் குறைந்த பேரிடம், தேவையான இடத்தில் மட்டும் சொல்வதே அவருக்கும் வழக்குக்கும் நல்லது.

காவல் நிலையத்தின் வாசலில்

பிடியாணை இல்லாமலேயே காவல் துறை கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் அதைப் பதிவு செய்யும் முதல் ஆவணம் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். அதைப் பதிவதா வேண்டாமா என்பது காவல் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைக் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், உயர் அதிகாரியின் அனுமதியுடன் பதினான்கு நாட்களுக்குள் முடியும் முதற்கட்ட விசாரணைக்குப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

தமிழ்நாட்டில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அது சி.எஸ்.ஆர். ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் உள்ள தாளில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆரின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு.

“இது எங்கள் எல்லை இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்குப் போங்கள்” என்பது நகரங்களில் அடிக்கடி கேட்கும் பதில். ஒரே சாலையின் இரு பக்கமும் இரண்டு காவல் நிலையங்களுக்குச் சேர்ந்ததாக இருக்கும்போது இது இயல்பாகவே எழுகிறது. எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிவு செய்த நிலையம் அதை உரிய நிலையத்துக்கு அனுப்பும். மின்னணு வழியிலும் தகவல் தரலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். ஆணையர் அமைப்பு உள்ள மாநகரங்களில் அந்த இடத்தில் துணை ஆணையர் இருப்பார். அங்கும் பயனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுக்கலாம். பதிவுத் தபாலின் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நடுவரிடம் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

விசாரணை தொடங்கிய பிறகு அடிக்கடி மீறப்படும் ஒரு விதி இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு அதிகாரி போக வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்குதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். காலண்டரில் அந்த நாளைக் குறித்து வைத்து, தகவல் வராவிட்டால் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது எளிய வேலை. அதைச் செய்ய ஒருவர் இருந்தால் போதும்.

பணம்: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி

“குற்றம் நிரூபணமானால்தான் இழப்பீடு” என்று பலரும் நம்புகிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையால் விண்ணப்பமே போடாமல் விட்ட குடும்பங்கள் ஏராளம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இழப்பீட்டுக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று, தண்டனை விதிக்கும்போது குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்தோ தனியாகவோ இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது. இதற்குத் தண்டனை வேண்டும், குற்றவாளியிடம் பணமும் வேண்டும். அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் மனம் செலுத்திப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது.

இரண்டாவது, அரசு தன் நிதியிலிருந்து தருவது. இதற்குப் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் என்று பெயர். குற்றவாளி யார் என்றே தெரியாமல் போனாலும், வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் பரிந்துரை செய்யலாம். காரணம் எளிது. குற்றத்தைத் தடுக்கத் தவறியதற்கு அரசுக்கும் பொறுப்பு உண்டு, குடிமகனை மீண்டும் நிற்கவைப்பது அதன் கடமை என்ற கருத்தின்மேல் கட்டப்பட்டது இது. உலகில் முதன்முதலில் இப்படி ஓர் அரசுத் திட்டத்தைக் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து, 1963-ல்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இதன் அலுவலகம் இருக்கும். விண்ணப்பத்தின் மீதான விசாரணையை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். இடைக்கால உதவியாக ஒரு தொகையை முன்கூட்டியே தரவும், உடனடி மருத்துவ வசதிக்கு ஏற்பாடு செய்யவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

தொகை எவ்வளவு? திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காகத் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2018-ல் வகுத்த திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை, கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை, அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 லட்சம் முதல் 8 லட்சம் வரை, உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் தனி விதிகளின்படி எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாக நிவாரணம் தரப்படுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குழந்தைகளுக்குச் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு வழங்கலாம்.

மருத்துவச் சிகிச்சை இந்த இழப்பீட்டிலிருந்து தனி. பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. “முதலில் போலீஸ் கடிதம் கொண்டுவாருங்கள்” என்று வரவேற்பறையில் சொன்னால் அது சட்டவிரோதம். சிகிச்சையைத் தொடங்கிவிட்டுக் காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் வேலை.

இணையத்தில் பணம் பறிகொடுத்தவர்களுக்கு வழி வேறு. 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கிகளுக்கிடையே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். முதலில் அழைப்பு, பிறகு மற்றதெல்லாம்.

ஆக, காவல் நிலையப் பாதையும் இழப்பீட்டுப் பாதையும் இணையாக ஓடுபவை. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம்.

மிரட்டல் வந்தால்

சாட்சிப் பாதுகாப்பு என்றாலே துப்பாக்கி ஏந்திய காவலரை நினைத்துக்கொள்கிறோம். மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இதைவிட விரிவானது. மிரட்டலின் தீவிரத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது, தொலைபேசி எண்ணை மாற்றுவது, வீட்டைச் சுற்றி ரோந்து, தற்காலிகமாக வேறு இடத்தில் தங்கவைப்பது என்று ஏற்பாடுகள் நீள்கின்றன. மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குழு கேட்டதும் காவல் துறை ஐந்து வேலை நாட்களுக்குள் மிரட்டல் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையைத் தர வேண்டும். மிரட்டல் அழைப்புகளின் நேரம், எண், பேசிய சொற்கள் ஆகியவற்றை உடனுக்குடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் விண்ணப்பம் வலுப்பெறும்.

நீதிமன்றத்தில்

பாதிக்கப்பட்டவர் தன் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் செயல்படச் சொல்ல நீதிமன்றம் அனுமதிக்கலாம். அப்படி வழக்கறிஞர் இருந்தால் குற்றப்பத்திரிகையின் நகலும் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும். கட்டணம் கட்ட முடியாதே என்ற கவலைக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வருவது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் திடீரென்று வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தில் போராடிய விவசாயிகள்மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி சம்பவம் தொடர்பான ஜக்ஜீத் சிங் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், விசாரணைக் கட்டம் முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு நிலையிலும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று கூறி, அவர்களுக்கு உரிய வாய்ப்புத் தராமல் வழங்கப்பட்ட ஜாமீனை ரத்து செய்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஜாமீன் உள்ளிட்ட நடவடிக்கைகள் பற்றி முன்கூட்டியே அறிவிப்புத் தருவதைக் கட்டாயமாக்குகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் துணை நிற்பவரைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, குடும்பத்தின் இசைவோடு, ஓர் ஆதரவு நபரை ஏற்படுத்தித் தரலாம். விசாரணை முழுவதும் அவர் குழந்தையுடன் இருப்பார். நீதிமன்றத்தில் குழந்தையிடம் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, கேள்விகள் நீதிபதியின் வழியாகத்தான் போக வேண்டும். வயது வந்தவர்களுக்கு இத்தகைய முறையான பதவி எல்லாக் குற்றங்களுக்கும் இன்னும் வரவில்லை. பாலியல் குற்றங்களில் காவல் நிலையத்திலிருந்தே சட்ட உதவி தர வேண்டும், அதற்கான வழக்கறிஞர் பட்டியல் நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது எங்கும் சீராக நடைபெறாததுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் விஷயம். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு 2015 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தங்குமிடம், ஆலோசனை, சட்ட உதவி, மருத்துவ உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தர முயல்கின்றன. 181 என்ற எண்ணில் வழி கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098.

துணை நிற்பவரின் எல்லை

நல்ல மனத்தோடு செய்யப்படும் சில காரியங்கள் வழக்கையும் மனிதரையும் சேர்த்துக் கெடுத்துவிடுகின்றன.

முதலாவது, சாட்சி சொல்லிக்கொடுப்பது. “இப்படிச் சொன்னால் வலுவாக இருக்கும்” என்று ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது. நீதிமன்ற அறை எப்படி இருக்கும், யார் எங்கே நிற்பார்கள், கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதையெல்லாம் விளக்கலாம். சாட்சியத்தின் உள்ளடக்கம் அவருடையது.

இரண்டாவது, அடையாளத்தை வெளியிடுவது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையோ வெளியிடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆதரவுப் பதிவு போடுகிறோம் என்று தெருப்பெயரையும் கல்லூரிப் பெயரையும் எழுதுபவர்களும் இதில் அடங்குவர். ஒருவரின் துயரத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுபோவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன், குற்றம் எதுவாக இருந்தாலும்.

மூன்றாவதுதான் மிகக் கடினமானது. அவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்காமல் போகலாம். புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லலாம். குற்றத்தின்போது அவருடைய விருப்பம் முற்றிலும் பறிக்கப்பட்டிருக்கிறது. உதவிக்கு வந்தவரும் அதையே செய்தால் அவர் எங்கே போவார்? தெரிவுகளையும் ஒவ்வொன்றின் விளைவையும் சொல்லலாம், நேரம் தரலாம். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு: பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தகவல் தருவது போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு நாளோடு வேலை முடிவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதுமானதாக இல்லாவிட்டாலோ பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய அவர் உயர் நீதிமன்றத்திடம் முன் அனுமதி பெறத் தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை போதாது என்ற காரணத்துக்காக மட்டும் மேல்முறையீடு செய்யும் உரிமை அரசிடமே இருக்கிறது.

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. விடுதலைத் தீர்ப்பைக் கேட்டவர் அன்று எதையும் யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டு, அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். சில நாட்கள் கழித்து நகல் கைக்கு வந்ததும், இலவசச் சட்ட உதவி வழக்கறிஞருடன் உட்கார்ந்து, மேலே போவதா வேண்டாமா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லலாம்.